மீனுக்கு ஆகாத தண்ணி நமக்கு ஆகுமா?

(காரமடையில் நடைபெற்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் பேசியது. தலைப்பு: ‘இன்றைய வளர்ச்சி நமக்குத் தந்தது அதிகமா? நம்மிடமிருந்து பறித்தது அதிகமா?’ ‘பறித்ததே அதிகம்’ என்ற அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! நான் வாயைத் திறக்கும் முன்பே குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்ட எதிரணி அண்ணன்மார்களே! (சிரிப்பு) இந்த ராத்திரி நேரத்திலும் பிள்ளை குட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கிற காரமடைப் பெருமக்களே! வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே! 

இந்த மண்ணில் நின்று பேசுவதே ஒரு பாக்கியம். அரங்கநாதர் கோயில் கொண்டிருக்கிற ஊர். மாசித் தேர் என்றால் கொங்கு நாடே இங்கே திரண்டு வரும். அந்தத் திருவிழாவில் பந்த சேவை என்று ஒன்று உண்டு. தண்ணீர் சேவை என்றும் ஒன்று உண்டு. யோசித்துப் பாருங்க. நெருப்புக்கு ஒரு சேவை, தண்ணீருக்கு ஒரு சேவை! சாமிக்குச் செய்கிற சேவையிலேயே தண்ணீருக்குத் தனி இடம் கொடுத்த ஊருங்க இது. ஊர்ப் பேரிலேயே மடை இருக்கு. மடைன்னா என்ன? தண்ணி பாயற வழி. அப்பேர்ப்பட்ட ஊருக்கு வந்து தண்ணியைப் பத்திப் பேசாம, வேற எதைப் பத்திப் பேசறதுங்க? (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ரொம்ப அழகாகப் பேசினார். ரோடு வந்தது, மில் வந்தது, பஸ் வந்தது, போன் வந்தது என்று பெரிய பட்டியல் படித்தார். எல்லாம் சரி. கடைசியில் ஒன்று சொன்னார் பாருங்க: “அமெரிக்காவுல ஒரு பல்லிக்காகக் கட்டடம் கட்டக் கூடாதுன்னு கோர்ட்டுக்குப் போனாங்களாம். பல்லி முக்கியமா, மனுஷன் முக்கியமா?” என்று கேட்டார். நீங்களும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன்.

ஏனுங்கண்ணா, பல்லியை இவ்வளவு சாதாரணமா நினைச்சுட்டீங்களே! நம்ம ஊர்ல சம்பந்தம் பேசப் போற எடத்துல கவுளி தப்பான திசையில சத்தம் போட்டா என்ன பண்ணுவோம்? வெத்தலை பாக்கை மடியில கட்டிக்கிட்டு எந்திரிச்சு வந்துருவோம். நம்ம ஊர்ப் பல்லி கல்யாணத்தையே நிறுத்தும். அமெரிக்காப் பல்லி கட்டடத்தைத்தானே நிறுத்துச்சு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

சிரிப்பு இருக்கட்டும். அண்ணன் பாதிக் கதை சொன்னார். மீதிக் கதையை நான் சொல்றேன்.

அது பல்லி இல்லீங்க. சாலமாண்டர் என்று பேர். பார்க்கத்தான் பல்லி. தோல் தவளைத் தோல். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். அந்த நகரத்துக்கு நடுவிலேயே பார்ட்டன் ஊற்று என்று ஒரு ஊற்று இருக்கிறது. பூமிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறையில் தேங்குகிற மழைத் தண்ணீர் அங்கே பொங்கி வருகிறது. வெயில் காலத்தில் ஊரே அதில்தான் குளிக்கும். அந்த ஊற்றில்தான் இந்த ஜீவன் இருக்கிறது. நீளம் எவ்வளவு தெரியுமா? நம்ம சுண்டு விரல் அளவு. இரண்டரை அங்குலம். ஆயுசு பூராவும் தண்ணிக்குள்ளேயேதான் இருக்கும். அதுக்கு நுரையீரல் கிடையாது. கழுத்தோரம் இருக்கிற செவுளாலும் தோலாலும்தான் மூச்சு விடும். அப்படின்னா என்ன அர்த்தம்? தண்ணியில என்ன கலந்தாலும் அது உடம்புக்குள்ள நேராப் போகும். நமக்காவது காய்ச்சிக் குடிக்க அடுப்பு இருக்கு. அதுக்கு ஏதுங்க அடுப்பு?

அந்த ஊற்றுக்கு மேற்புறம் வீடும் கடையும் கார் நிறுத்தும் மைதானமுமாக ஊர் பெருத்துக்கொண்டே வந்தது. மழை பெய்தால் அத்தனை எண்ணெயும் அழுக்கும் பாறை இடுக்கு வழியாக ஊற்றுக்குள் இறங்கும். ஊர் ஜனங்கள் பார்த்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். ‘எங்கள் ஊற்றைக் காப்பாற்றுங்கள்’ என்று ஒரு இயக்கமே நடத்தினார்கள். 1992-ல் ஊருக்குள் வாக்கெடுப்பு நடந்தது. ஊற்றுக்கு மேற்புறத்தில் எவ்வளவு கட்டலாம், எப்படிக் கட்டலாம் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம், 1993-ல், விஞ்ஞானிகள் அந்தச் சின்ன ஜீவனுக்கு முறைப்படி அறிவியல் பெயர் வைத்தார்கள். யார் பேரை வைத்தார்கள் தெரியுமா? மந்திரி பேர் இல்லை, பணம் கொடுத்தவர் பேர் இல்லை. ஊற்றைக் காப்பாற்றக் கையெழுத்துப் போட்ட அந்த ஜனங்களின் இயக்கத்துப் பேரையே வைத்தார்கள்! (கைதட்டல்) 1997-ல் அது அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம் என்று அமெரிக்க அரசாங்கமும் அறிவித்தது.

அண்ணன் கேட்பார்: “சரிம்மா, அந்த ஊர் வளர்ச்சி நின்னு போச்சா?” கணக்கு சொல்றேன், எழுதிக்கங்க அண்ணா. 1990-ல் ஆஸ்டின் ஜனத்தொகை சுமார் 4 லட்சத்து 65 ஆயிரம். 2020-ல் 9 லட்சத்து 60 ஆயிரம். இரண்டு மடங்கு! ஊற்றும் இருக்கு, ஊரும் வளர்ந்திருக்கு. வளர விடாமல் தடுத்தது யாருங்க? பல்லியா? (கைதட்டல்)

“அது அமெரிக்கா. நம்ம ஊர்ல ஏது சாலமாண்டர்?” என்று கேட்கலாம். நியாயம்தான். நம்ம நாட்டில் டார்ஜிலிங் மாதிரி மலைப் பக்கத்துக் குளங்களில் அந்த ஜாதி இருக்கிறது. தென்னாட்டில் கிடையாது. ஆனா நமக்கும் ஒண்ணு இருக்குங்க. அவங்களுது சுண்டு விரல். நம்முது ஆள் உசரம்!

மஹசீர் என்று ஒரு மீன் கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம கெண்டை இனத்துப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலே முதுகு புடைத்த மஹசீர் என்று ஒரு வகை. திமில் வைத்த காங்கேயம் காளை மாதிரி முதுகு எழும்பி நிற்கும். ஆரஞ்சு நிறத் துடுப்பு. உலகத்தில் எத்தனை ஆறு இருக்கிறது! நைல் இருக்கிறது, கங்கை இருக்கிறது. அங்கெல்லாம் இது கிடையாது. இயற்கையாக இது வாழ்வது காவிரியிலும் காவிரியில் சேருகிற ஆறுகளிலும் மட்டும்தான். 1946-ல் மைசூர்ப் பக்கம் தூண்டிலில் ஒன்று பிடித்தார்கள். எடை 120 பவுண்டு. 54 கிலோ! எதிரணித் தலைவர் அண்ணனைவிடக் கொஞ்சம்தான் கம்மி. (பலத்த சிரிப்பு)

வேடிக்கை என்னன்னா, வெள்ளைக்காரத் துரைமார்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்த மீனைப் பிடித்துப் புத்தகமெல்லாம் எழுதினார்கள். ஆனால் அதற்குச் சரியான அறிவியல் பெயர் எது என்று முடிவானது எப்போது தெரியுமா? 2018-ல்! ‘டார் ரமாதேவி’ என்பது அதன் பெயர். சென்னையில் இந்திய விலங்கியல் அளவைத் துறையில் மீன்களை ஆராய்ந்த ஒரு பெண் விஞ்ஞானியின் பேர் அது. தாய்மார்கள் கொஞ்சம் கை தட்டலாம். (கைதட்டல்)

பேர் முடிவான அதே வருஷம், உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனைத் தன் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. எந்தப் படியில்? ‘மிக மோசமான ஆபத்தில் உள்ளது’ என்ற படியில். நம்ம சத்தியமங்கலம் காட்டுப் புலி இருக்கிறதே, அது அதற்கு ஒரு படி கீழேதான் இருக்கிறது. புலியைவிட ஆபத்தில் இருக்கிற மீனுங்க இது! குழந்தைக்குப் பேர் வைக்கிற அன்னிக்கே ஆஸ்பத்திரியில அவசரப் பிரிவுல சேர்த்த மாதிரி.

இந்த மீன் இன்னும் மிச்சம் இருக்கிற இடங்களில் ஒன்று எது தெரியுங்களா? எங்கேயோ இல்லீங்க. மாயாறு! மோயாறுன்னும் சொல்லுவோம். நீலகிரி மலைக்கு அந்தப் புறம் இறங்கி, மசினகுடி, தெங்குமரஹாடா பக்கமெல்லாம் பாய்ந்து, பவானிசாகர் அணையில் வந்து நம்ம பவானியோட சேருதே, அந்த மாயாறு. நம்ம வீட்டுக் கொல்லைப்புறம்! நமக்கே தெரியாமல் கொல்லைப்புறத்தில் ஒரு புதையல் இருந்திருக்கிறது.

நான் நியாயமாகப் பேச வேண்டும். இந்த மீன் குறைந்ததற்குத் தண்ணீர் கெட்டது மட்டும் காரணம் இல்லை. வெடி வைத்துப் பிடித்தார்கள். ஆற்றுக்குக் குறுக்கே அணைகள் வந்தன. மணல் அள்ளினார்கள். வேறு ஆற்று மஹசீர்க் குஞ்சுகளைக் கொண்டுவந்து நல்ல எண்ணத்தோடுதான் காவிரியில் விட்டார்கள். அது பெருகி இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனைத் துரத்தின கதை. இத்தனை அடிக்கும் தப்பித்து மிச்சம் இருக்கிறதே, அதுக்கு நாம கொடுக்கிற பரிசு என்ன? சாக்கடை!

சாக்கடை மீனை எப்படிக் கொல்லுது? விஷமே வேண்டியதில்லை. கழிவு ஆற்றில் விழுந்தால் அதைத் தின்ன கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பெருகும். அவை தண்ணீரில் கரைந்திருக்கிற பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீனுக்கு மூச்சு முட்டும். அதிலும் மஹசீர், பாறையில் மோதி ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் பழகினது. கூழாங்கல் நிறைந்த ஆற்றுப் படுகையில் முட்டை போடும். கல்லுக்கு மேல் சேறும் கழிவும் படிந்தால் முட்டைக்கும் மூச்சு முட்டும். பெரிய மீன் தப்பிக்கும். ஆனால் வம்சம் நின்று போகும். ஆத்துல மீன் துள்ளுதேன்னு நாம நினைச்சுக்கிட்டிருப்போம். அது கடைசித் தலைமுறைன்னு நமக்குத் தெரியாது.

சரி, நடுக்காட்டில் ஓடுகிற மாயாற்றுக்குச் சாக்கடை எங்கிருந்துங்க வந்தது? புலியும் யானையுமா கக்கூஸ் கட்டி வெச்சிருக்கு? (சிரிப்பு)

இந்த மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து நில்லுங்க. வரிசையா வண்டி போகுது. எங்கே? ஊட்டிக்கு! காரமடையைத் தாண்டாம கோயம்புத்தூர்க்காரன் எவனும் ஊட்டிக்குப் போக முடியாது. குடும்பத்தோடு போறோம். அங்கே போய் ஏரியில் போட்டிங். அந்த ஏரியை வெட்டினவர் ஜான் சல்லிவன். நம்ம கோயம்புத்தூர் கலெக்டராக இருந்தவர். 1820-களில் வெட்டினார். முதலில் நல்ல தண்ணீர் ஏரி. பின்னால் ஊர் பெருத்தது, லாட்ஜ் பெருத்தது. நகரத்துக் கழிவுநீர் வந்து அந்த ஏரியில் விழுந்தது. நாமும் அதே ஏரியில் படகு விட்டு, போட்டோ எடுத்து, “ஆகா, என்ன குளுகுளுன்னு இருக்குது!”ன்னு சொல்லிட்டு வந்தோம்.

அந்த ஏரித் தண்ணீர் அங்கேயே நிற்குமா? நிரம்பினால் காமராஜர் சாகர் அணைக்குப் போகும். அங்கிருந்து கல்லட்டி அருவியாக விழும். சீகூர் ஆறாக ஓடும். ஓடிப் போய் எங்கே சேரும்? மாயாற்றில்! மாயாறு எங்கே சேரும்? பவானிசாகரில்! பவானிசாகர்த் தண்ணி எங்கே போகும்? கீழ்பவானி வாய்க்காலில் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் போகும். நெல்லாகும், மஞ்சளாகும், நம்ம சமையல்கட்டுக்கு வரும்.

பார்த்தீங்களா சுத்து? ஞாயித்துக்கிழமை ஊட்டி லாட்ஜுல நாம இழுத்த தண்ணி, மலையெல்லாம் சுத்தி, அருவியில குதிச்சு, மீன் மூக்குல ஏறி, நம்ம கொழம்புக்கே வந்து சேருது! (சிரிப்பு, கைதட்டல்) சிரிக்கிறீங்க. சிரிச்சு முடிச்சுட்டு ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.

இப்போது எதிரணி அண்ணன் சொன்னதிலேயே பலமான வாதத்துக்கு வர்றேன். “ஆலை வந்தது, வேலை வந்தது, அடுப்பு எரிந்தது. மீனைப் பார்த்தா பிள்ளைக்குச் சோறு யார் போடறது?” என்று கேட்டார். இதைக் கேலி பண்ணித் தாண்டிப் போக நான் தயாரில்லை. அது வயிற்றுப் பிரச்சினை.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சிறுமுகை. பவானிக் கரையிலே ஒரு பெரிய விஸ்கோஸ் இழை ஆலை இருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை நம்பி வாழ்ந்தன. பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள், கல்யாணம் பண்ணிக் கொடுத்தார்கள். மறுக்கவில்லை. ஆனால் கழிவு எங்கே போனது? ஆற்றுக்குப் போனது. ஆற்றில் விடாதே என்று ஜனங்கள் எதிர்த்தார்கள். பிறகு வயலுக்குப் பாய்ச்சினார்கள். கிணறு கெட்டது. 1990-களில் விவசாயிகள் போராட்டம், வழக்கு, நீதிமன்றம் என்று நடையாய் நடந்து, கடைசியில் ஆலை மூடப்பட்டது.

யார் ஜெயிச்சாங்க? நல்லா யோசிங்க. ஆறும் கெட்டுச்சு, கிணறும் கெட்டுச்சு, கடைசியில வேலையும் போச்சு! விவசாயியும் அழுதான், தொழிலாளியும் அழுதான். இதை வளர்ச்சின்னு எந்தக் கணக்குல எழுதறது? ஆலை வந்த முதல் நாளே கழிவைச் சுத்தம் செய்கிற ஏற்பாட்டையும் சேர்த்துக் கட்டியிருந்தால்? ஆறும் இருந்திருக்கும், வேலையும் இருந்திருக்கும். மீனா சோறா என்று கேட்க வேண்டிய நிலைமையே வந்திருக்காது.

கொங்கு நாட்டுக்காரங்களுக்கு வட்டிக் கணக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கழிவைச் சுத்தம் பண்ணாம ஆத்துல விட்டு மிச்சம் பிடிக்கிற காசு லாபம் இல்லீங்க, அது கடன். ஆத்துகிட்ட வாங்கின கடன். முதல் தவணையை மீன் கட்டுது. ரெண்டாவது தவணையை விவசாயி கட்டறான். மூணாவது தவணை நம்ம பிள்ளைங்க தலையில விழுது. கடன் வாங்கினவன் மட்டும் கார்ல போறான்! (பலத்த கைதட்டல்)

பவானிக்கு இந்தக் கதை என்றால், பக்கத்து நொய்யலுக்கு என்ன ஆச்சு? ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1992-ல் முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டின அணை. திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. உலகத்தில் எங்கேயாவது விவசாயி “அணையைத் திறக்காதீங்க சாமி!” என்று கெஞ்சிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம்ம நொய்யல் கரையில் கெஞ்சினான். அந்தத் தண்ணீர் வந்தால் பயிர் கருகும், ஆடு மாடு குடிக்க முடியாது.

ஆனா அந்தக் கதை அதோட முடியலீங்க. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடு என்றது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. கஷ்டம்தான். சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் நொடிந்துபோனார்கள். “திருப்பூர் முடிஞ்சுது” என்றுகூடச் சொன்னார்கள். முடிஞ்சுதா? இன்னைக்கும் உலகத்துக்கே பனியன் போடறது திருப்பூர்தான்! சாயத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி, உப்பைத் தனியாகப் பிரித்து, அதே தண்ணீரைத் திரும்பவும் உபயோகிக்கிறார்கள். முடியாது முடியாது என்று சொன்னதை, கோர்ட்டு கண்ணை உருட்டினதும் முடித்துக் காட்டினார்கள். அப்ப முடியாததுன்னு ஒண்ணும் இல்லீங்க. செய்யச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீர் மாசு தடுப்புச் சட்டம் எப்ப வந்தது தெரியுங்களா? 1974-ல். சட்டத்துக்கு ஐம்பது வயசு தாண்டிவிட்டது. நம்ம வீட்டில் ஐம்பது வயசு ஆன ஆளுக்கு முட்டி வலி வரும். சட்டத்துக்கும் வந்துருச்சு போல, எந்திரிச்சு நடக்க மாட்டேங்குது! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, இது ஏன் இன்றைக்கு இன்னும் முக்கியம் என்று சொல்கிறேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம். அறுபது வருஷக் கனவு. எத்தனை பேர் நடந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள்! 2024 ஆகஸ்டில் திறந்து வைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரித் தண்ணீரை எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறார்கள். கேட்கும்போதே நெஞ்சு குளிருது. ஆனா ஒண்ணை யோசிங்க. முன்னே பவானி கெட்டால் பவானிக் கரைதான் கெட்டது. இப்போது அந்த ஒரு ஆற்றைக் குழாய் போட்டு 1,045 குளத்தோடு இணைத்திருக்கிறோம். நிலத்தடி நீரைப் பெருக்கத்தான் அந்தக் குளங்கள். ஆத்துல அழுக்கு விட்டா, அந்த அழுக்கைக் கரண்ட் செலவு பண்ணி மேட்டுக்கு ஏத்தி, குளத்துக்குக் குளம் பாக்கி இல்லாம பங்கு போட்டுக் கொடுப்போம். அப்புறம் அது கெணத்துக்குள்ள எறங்கும். கெணத்துக்குள்ள எறங்கின அழுக்கை எந்தக் கயிறு போட்டுத் தூக்கறது? (கைதட்டல்)

காலிங்கராயன் என்றேன். 13-ஆம் நூற்றாண்டில் பவானியையும் நொய்யலையும் இணைத்து வாய்க்கால் வெட்டிய மகராசன். எழுநூறு வருஷத்துக்கு மேலாகத் தண்ணீர் ஓடுகிறது. இன்ஜினீயரிங் காலேஜ் கிடையாது, பொக்லைன் கிடையாது. அதுவும் வளர்ச்சிதானுங்களே! யார் கிணற்றைக் கெடுத்தது அது? எந்த மீனைக் கொன்னது? வளர்ச்சி வேண்டாம்னு எங்க அணி சொல்லலை. காலிங்கராயன் மாதிரி வளருங்கன்னு சொல்றோம். அவன் வெட்டிக் கொடுத்த வாய்க்காலுக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? சாயக்கழிவையும் தோல் கழிவையும் அதில் விட்டோம்.

ஒரு அப்புச்சியும் பேரனும் கதை சொல்றேன். பேரன் கேட்டானாம்: “அப்புச்சி, நீங்க சின்ன வயசுல தண்ணி எங்க குடிச்சீங்க?” “ஆத்துல குடிச்சேன் கண்ணு.” “அப்பா?” “உங்கொப்பன் கெணத்துல குடிச்சான்.” “நான்?” “நீ கேன்ல குடிக்கிற சாமி.” பேரன் யோசிச்சுட்டுக் கேட்டானாம்: “அப்ப எம்பையன் எதுல அப்புச்சி குடிப்பான்?” அப்புச்சிக்குப் பதில் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா? எதிரணி அண்ணனுக்குத் தெரியுமா?

ஆற்றிலிருந்து கேனுக்கு வந்ததை முன்னேற்றம் என்று எதிரணி சொல்லலாம். நான் பறிகொடுத்தது என்று சொல்கிறேன்.

அரசாங்கத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நான் உட்கார மாட்டேன். நகராட்சிகள் சாக்கடையைச் சுத்தம் பண்ணித்தான் ஆற்றில் விட வேண்டும், ஆலைகளைக் கண்காணிக்க வேண்டும். கேட்க வேண்டியது நம்ம கடமை. ஆனா நாம? மேட்டுப்பாளையத்தில் வனபத்ரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறோம். பவானியில் குளிக்கிறோம். கட்டின துணியை ஆத்தோட விடறோம். ஷாம்பு கவரை அங்கேயே போடறோம். பாவம் போயிருச்சுன்னு வீட்டுக்கு வர்றோம். பாவம் போகலீங்க, ஆத்துல ஒண்ணு புதுசாச் சேர்ந்துருச்சு! “தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே” என்று சொன்ன ஜனம் நாம். வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்து எதை வைத்தார்? வான்சிறப்பை வைத்தார். அம்மா, அப்பா, ராஜா எல்லோரும் பின்னால்தான். கடவுளுக்கு அடுத்த நாற்காலி தண்ணீருக்கு!

அடுத்த முறை ஊட்டிக்குப் போகும்போது ஏரிக்கரையில் நின்று பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்லுங்க. “கண்ணு, இந்தத் தண்ணி போற வழியில ஒரு மீன் இருக்குது. உலகத்துலயே நம்ம காவிரிச் சீமையில மட்டும்தான் இருக்குது. அது நல்லா இருந்தா நம்ம தண்ணி நல்லா இருக்குதுன்னு அர்த்தம்.” இதைச் சொன்னால் போதும். அந்தப் பிள்ளை கையில் இருக்கிற பிளாஸ்டிக் பாட்டிலை ஏரியில் போடாது. நாளைக்கு அது கலெக்டராக வந்தால் கழிவுக் குழாயையும் ஆற்றில் திருப்ப விடாது.

நடுவர் ஐயா அவர்களே! பல்லி சத்தம் போட்டால் பஞ்சாங்கத்தை எடுத்துப் பலன் பார்க்கிறவர்கள் நாம். ஆஸ்டின் ஊர் ஜனங்கள் அவர்கள் ஊர்ப் பல்லி சொன்னதைக் கேட்டார்கள், ஊற்றைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நம்ம மாயாற்று மீனும் ரொம்ப நாளாக ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சத்தம் கிடையாது. குறைந்து குறைந்து போவதுதான் அதன் பேச்சு. ‘இந்தத் தண்ணி எனக்கு ஆகலை, நாளைக்கு உனக்கும் ஆகாது’ என்பதுதான் அது சொல்லும் பலன். அந்தப் பலனைப் பார்க்காமல் கட்டுகிற எந்த மாடிக்கும் மேல்தொட்டியில் நல்ல தண்ணீர் இருக்காது.

மீனைப் பறித்தது, ஆற்றைப் பறித்தது, கிணற்றைப் பறித்தது, கடைசியில் கொடுத்த வேலையையும் பறித்தது. ஆகவே இன்றைய வளர்ச்சி நமக்குத் தந்ததைவிட நம்மிடமிருந்து பறித்ததே அதிகம், அதிகம் என்று நல்ல தீர்ப்பு வழங்கும்படி கேட்டு, தண்ணீருக்குச் சேவை செய்யும் இந்த ஊர் மக்களை வணங்கி, அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)